ஏற்காட்டுக் காப்பிக்கு ஒரு வலைத்தளம்: வேர்ட்பிரஸ் தீம் திருத்தக் கற்றுக்கொண்ட கதை

2020 மார்ச் கடைசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தைப் பூட்டினார்கள். திருமண அழைப்பிதழ் அடிக்கும் இடம். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு வந்திருந்த ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் அப்பாவின் தறியும் நின்றது. தறி ஓடாத வீடு எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மத்தியானத்தில் பேச்சுச் சத்தம்கூட அதிகமாகக் கேட்டது.

அந்த வாரம் மாமா போன் செய்தார். அக்கா வீட்டுக்காரர். ஏற்காட்டில் சின்னத் தோட்டம், நான்கு அறை கொண்ட தங்கும் விடுதி, சொந்தமாக வறுத்து அரைக்கும் காப்பித்தூள், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. ஆள் வராமல் அறைகள் சும்மா கிடந்தன.

"ஏம் பாப்பா, நீதான் கம்ப்யூட்டர்லயே இருக்கியே, நமக்கு ஒரு வெப்சைட் போட முடியாதா? ரூமுக்கு ஆள் வராட்டியும் காப்பித்தூளாவது கூரியர்ல போகும்ல?"

எனக்குத் தெரிந்தது பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஃபோட்டோஷாப். வலைப்பக்கம் செய்ததே இல்லை. ஆனாலும் சரி என்றேன். வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு அது மேல் என்று தோன்றியது.

வேர்ட்பிரஸ், வலைத்தளம் அமைக்க உதவும், 2003ல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். இலவசமாகக் கிடைக்கிறது, தளத்தை வைக்கும் இடமான ஹோஸ்டிங்குக்கும் அதன் முகவரியான டொமைனுக்கும் மட்டும் பணம். நிறுவுவதில் கஷ்டமே இல்லை. அரை மணி நேரத்தில் தளம் வந்துவிட்டது. ஒரு தீம், அதாவது தளத்தின் தோற்றத்துக்கான ஆயத்த வடிவம், தேர்ந்தெடுத்தேன். மாதிரிப் படத்தில் பார்த்தபோது ஐரோப்பிய விடுதி ஒன்றின் பக்கம், அத்தனை அழகு. எங்கள் படங்களையும் தமிழ் வாசகங்களையும் போட்டதும் அந்த அழகு காணாமல் போனது. அங்கே தொடங்கியதுதான் இந்தப் படிப்பு.

உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு என்பது எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன். நாம் எழுதும் வாசகம், பக்கம், விலை எல்லாம் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அவற்றை எடுத்து எந்த இடத்தில், எந்த அளவில், என்ன நிறத்தில் காட்டுவது என்பதைத் தீம் முடிவு செய்கிறது. இதை அப்பாவிடம் விளக்கினேன். "அப்போ ஜக்கார்டு அட்டை மாதிரி" என்றார். அதேதான். பாவும் ஊடையும் அப்படியே இருக்கும். தறியின் மேல் தொங்கும் துளையிட்ட அட்டைக் கோவையை மாற்றினால் புடவையில் வேறு பூ வரும். ஒரு அட்டைக்கு ஓர் ஊடை. எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதை அட்டையின் துளை சொல்கிறது. தீம் கோப்புகளும் அப்படித்தான். தனிக் கட்டுரைக்கு ஒரு கோப்பு, பக்கத்துக்கு ஒரு கோப்பு, வகைப்பட்டியலுக்கு ஒன்று, தலைப்பகுதிக்கு ஒன்று, அடிப்பகுதிக்கு ஒன்று. வேர்ட்பிரஸ் முதலில் பொருத்தமான கோப்பைத் தேடும். இல்லையென்றால் அதைவிடப் பொதுவானதற்கு இறங்கும். எதுவுமே இல்லையென்றால் கடைசியாக இன்டெக்ஸ் கோப்பு. இந்த வரிசை மனதில் பதிந்த பிறகு "இதை எங்கே மாற்றுவது?" என்ற கேள்விக்கு எனக்கு வழி தெரிந்தது.

ஆனால் அது பதிவதற்கு முன்பே ஒரு பெரிய தவறு செய்துவிட்டேன். தோற்றம் என்ற மெனுவுக்குள் தீம் கோப்புகளைத் திருத்தும் வசதி இருக்கிறது. அதைத் திறந்து, தோற்ற விதிகள் இருக்கும் ஸ்டைல் கோப்பிலேயே நேரடியாக மாற்ற ஆரம்பித்தேன். நிறம் மாற்றினேன், இடைவெளி மாற்றினேன், தலைப்பின் அளவு மாற்றினேன். கிட்டத்தட்ட மூன்று வாரம், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து. ஒருநாள் மேலே அப்டேட் வந்திருப்பதாகக் காட்டியது. நல்லதுதானே என்று அழுத்தினேன். பத்து விநாடிகூட ஆகவில்லை. தளம் முதல் நாள் இருந்த கோலத்துக்குத் திரும்பிவிட்டது. பழைய தீம் ஃபோல்டரை நீக்கிவிட்டுப் புதியதை வைப்பதுதான் அப்டேட். என் மூன்று வார வேலை அந்த ஃபோல்டருக்குள் இருந்தது. பேக்கப் எடுத்து வைக்கவில்லை.

அப்பா அதைக் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார். "மூல அட்டையில யாராவது துளை போடுவாங்களா? நகல் எடுத்துட்டு அதுலல்ல போடணும்."

அந்த நகலுக்கு வேர்ட்பிரஸில் சைல்டு தீம் என்று பெயர். முழு நகல்கூட வேண்டியதில்லை. தாய்த் தீம் அப்படியே இருக்கும், நாம் மாற்ற நினைப்பது மட்டும் தனி ஃபோல்டரில் இருக்கும். செய்வது இப்படி: தீம்கள் இருக்கும் இடத்தில் புது ஃபோல்டர் ஒன்று, அதற்குள் ஒரு ஸ்டைல் கோப்பு. அந்தக் கோப்பின் தலையில் நம் தீமின் பெயரையும், டெம்ப்ளேட் என்ற வரியில் தாய்த் தீமின் ஃபோல்டர் பெயரையும் எழுத வேண்டும். திரையில் தெரியும் பெயரை எழுதக்கூடாது. நான் அதைத்தான் எழுதினேன், முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக வேறு போட்டேன். தாய்த் தீம் காணவில்லை என்று செய்தி வந்தது. ஃபோல்டரின் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒட்டியதும் சரியானது.

இதில் இன்னும் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் தடுமாறினேன். பக்கக் கோப்பு, தலைப்பகுதிக் கோப்பு போன்றவற்றை நம் ஃபோல்டரில் வைத்தால் தாயின் கோப்புக்குப் பதிலாக நம்முடையது ஓடும். தளம் செய்யும் வேலைகளுக்கான நிரல் இருக்கும் ஃபங்ஷன்ஸ் கோப்பு மட்டும் விதிவிலக்கு. நம்முடையது முதலில் ஓடும், பிறகு தாயினுடையதும் ஓடும். ஆகவே தாயின் ஃபங்ஷன்ஸ் கோப்பை முழுதாக நகலெடுத்து ஒட்டினால் ஒரே பெயரில் இரண்டு செயல்கள் வந்து தளம் நின்றுவிடக்கூடும். அதில் நாம் சேர்க்கும் சில வரிகள் மட்டுமே இருக்கட்டும். இரண்டாவது, நாம் நகலெடுத்த கோப்புக்குத் தாய்த் தீமின் பிந்தைய திருத்தங்கள் வந்து சேராது. அதனால் தேவைப்படுவதை மட்டும் நகலெடுங்கள். நான் அறைகள் பக்கத்துக்காக ஒரே ஒரு பக்கக் கோப்பை எடுத்தேன். இன்றுவரை அது போதுமானதாக இருக்கிறது.

நிறம், இடைவெளி மாதிரி சின்ன மாற்றங்கள்தான் வேண்டுமென்றால் சைல்டு தீம்கூட அவசியமில்லை. கூடுதல் சிஎஸ்எஸ் (தோற்ற விதிகளை எழுதும் மொழி) என்று ஒரு பெட்டி 2016 கடைசியிலிருந்தே வேர்ட்பிரஸில் இருக்கிறது. அதில் எழுதுவது தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் அப்டேட்டில் அழியாது. ஆனால் அது அந்தந்தத் தீமோடு கட்டுண்டது. தீம் மாற்றினால் கூடவே வராது. தனியாக ஒரு ஃபைலில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, எந்த வரியை மாற்றினால் எது மாறும் என்று தெரிவது. இதற்கு நான் முதலில் கோப்பு முழுவதையும் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஆயிரக்கணக்கான வரிகள். க்ரோமில் ஒரு சொல்லின் மேல் வலது சொடுக்குப் போட்டு இன்ஸ்பெக்ட் கொடுத்தால், அந்தச் சொல்லை ஆளும் விதிகள் எல்லாம் பக்கத்தில் வந்து நிற்கும். எந்த விதி ஜெயித்தது, எது அடிபட்டது என்று கோடு போட்டே காட்டும். அங்கேயே எண்ணை மாற்றிப் பார்க்கலாம். பக்கத்தைப் புதுப்பித்தால் பழையபடி ஆகிவிடும், தளத்துக்கு ஒன்றும் ஆகாது. பயமில்லாமல் நோண்டிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பிடித்திருந்தால் அந்த வரியை எடுத்து நம் ஸ்டைல் கோப்பில் எழுத வேண்டும். எழுதியும் மாறவில்லையென்றால் இரண்டு காரணம்தான் நான் பார்த்தது. தாய்த் தீமின் விதி நம்முடையதைவிடக் குறிப்பாக எழுதப்பட்டிருக்கும், அல்லது கேஷ், அதாவது வேகத்துக்காகச் சேமித்து வைத்த நகல், பழையதைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு ராத்திரி முழுக்க சரியாக இருந்த வரியையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தேன். காலையில் மாமா தன் போனில் பார்த்துவிட்டு, "பச்சை நல்லா இருக்கு பாப்பா" என்றார். என் உலாவிதான் பழைய பக்கத்தைப் பிடித்து வைத்திருந்தது. அதன்பிறகு எந்த மாற்றத்தையும் மறைநிலைச் சாளரத்தில் பார்க்காமல் நான் முடிவு சொல்வதில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தீம்களில் மிகப்பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழ் எழுத்தின் உடல்வாகு வேறு. நமக்கு மேலே புள்ளியும் இகரச் சுழியும் உண்டு, கீழே உகர ஊகாரக் கால்கள் உண்டு. தலைப்புகளுக்கு அந்தத் தீம் வைத்திருந்த வரி உயரம் 1.2, அதாவது எழுத்தளவைப் போல 1.2 மடங்கு. ஆங்கிலத்துக்கு அது கச்சிதம். "சேர்வராயன் மலையில் மூன்று தலைமுறையாக விளையும் மிளகு" என்று தலைப்பு வைத்தேன். போனில் அது மூன்று வரியாக மடங்கியது. மேல்வரி 'மூ'வின் வால் கீழ்வரியின் புள்ளியில் போய் இடித்தது. அழைப்பிதழில் இப்படி ஒரு ப்ரூஃப் போனால் எங்கள் முதலாளி அதை மேசையிலேயே நிறுத்திவிடுவார். தலைப்புக்கு 1.5, உடல் வாசகத்துக்கு 1.8 என்று மாற்றினேன். எழுத்தின் அளவை 16லிருந்து 18 பிக்சல் ஆக்கினேன். இந்த மூன்று எண்களை மாற்றியதிலேயே தளம் பாதி தமிழானது என்று சொல்வேன்.

எழுத்துரு அடுத்த பிரச்சினை. தீம் போட்டிருந்த எழுத்துருவில் தமிழே இல்லை. அப்படி இருந்தால் உலாவி அந்தந்தக் கருவியில் இருக்கும் தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். என் கணினியில் ஒரு முகம், மாமா போனில் வேறு முகம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேடமரன், மீரா இனிமை என்று இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன. உடல் வாசகத்துக்கு முக்தா மலரை எடுத்தேன், அதிலும் சாதாரணம், தடிமன் என்று இரண்டே கனம். எல்லாக் கனங்களையும் இறக்கினால் பக்கம் திறப்பது தாமதமாகும், அதுவும் மலையில் சிக்னல் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் எழுத்திடைவெளி. ஆங்கிலத் தலைப்புகளையும் பொத்தான்களையும் பெரிய எழுத்தில், விலக்கி விலக்கி அமைப்பது இந்தத் தீம்களின் வழக்கம். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. ஆகவே அந்த விதி ஒன்றும் செய்யாது, மிச்சமிருக்கும் இடைவெளி மட்டும் சொல்லைப் பிய்த்துப் போடும். "மி ள கு" என்று தனித்தனியாக நிற்கும். இடைவெளியைச் சுழியமாக்கிவிட்டு, அழுத்தத்துக்குத் தடிமனும் நிறமும் கொடுத்தேன். சாய்வெழுத்தையும் எடுத்துவிட்டேன். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் வரையப்பட்டிருக்காது. உலாவி நேர் எழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது. பத்தியின் முதல் எழுத்தை நான்கு வரி உயரத்துக்குப் பெரிதாக்கும் அலங்காரமும் போய்விட்டது. 'கொ' என்று ஒரு பத்தி தொடங்கினால் போன் திரையில் கால்வாசியை அந்த ஒரு எழுத்தே எடுத்துக்கொள்கிறது.

இருபுறமும் சமமாக அடுக்கும் வழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. அச்சில் நாங்கள் நீண்ட சொற்களைக் கையால் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவோம். வலைப்பக்கத்தில் அது நடக்காது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் வரிக்கு மூன்று சொல் வந்து நடுவில் பள்ளம் பள்ளமாக வெள்ளை தெரியும். இடதுபுறம் மட்டும் சீராக இருந்தாலே படிக்க இதமாக இருக்கிறது. இதே நீளம்தான் மெனுவிலும் இடித்தது. "எங்களைப் பற்றி", "தங்கும் அறைகள்", "காப்பித்தூள் விற்பனை", "தொடர்புக்கு" என்று வைத்தேன், மெனு இரண்டாக மடங்கிப் படத்தின் மேல் விழுந்தது. எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன், படிக்க முடியவில்லை. கடைசியில் வாசகத்தைத்தான் குறைத்தேன்: "நாங்கள்", "அறைகள்", "காப்பி", "பேச". டெம்ப்ளேட் திருத்துவதில் சில சமயம் நாம் திருத்த வேண்டியது நம் வாசகத்தைத்தான்.

பழைய வாசகம் பற்றியும் ஒரு சொல். மாமாவுக்கு நான் முன்பு அச்சடித்துக் கொடுத்த விளம்பரத் தாளின் வாசகம் பாமினியில் இருந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துரு அது. அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் வரும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றித்தான் போட வேண்டும், மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படிக்கவும் வேண்டும். 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக நிற்பது அடிக்கடி நடக்கும். தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான்.

முகப்பில் கட்டுரைச் சுருக்கங்கள் கட்டம் கட்டமாக வரும். வேர்ட்பிரஸ் தானாக எடுக்கும் சுருக்கம் 55 சொல். தமிழில் 55 சொல் என்றால் போனில் ஒரு திரையை நிரப்பிவிடும். அதை 20 ஆகக் குறைக்கவும், முடிவில் வரும் புள்ளிகளுக்குப் பதில் "மேலும் படிக்க" என்று வரவும் ஃபங்ஷன்ஸ் கோப்பில் சில வரிகள் போதும். அந்தச் சில வரிகளில்தான் தளம் முழுவதையும் இறக்கினேன்.

நடந்தது இது. தமிழ் தட்டச்சு எனக்கு வேர்டில்தான் வசதி. அதனால் அந்த வரிகளை வேர்டில் அடித்து, நகலெடுத்து, ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜர் வழியாகக் கோப்பில் ஒட்டிச் சேமித்தேன். அடுத்த நொடி தளத்தில் பிழைச் செய்தி. உள்நுழையும் பக்கமும் வரவில்லை. இப்படி நடந்தால் மீட்புக்கான இணைப்பை வேர்ட்பிரஸ் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு அனுப்பும். 2019ல் வந்த வசதி. நிர்வாகி மின்னஞ்சலாக நான் கொடுத்திருந்தது மாமாவுடையது. அவர் அன்று தோட்டத்தின் கீழ்ச்சரிவில் இருந்தார், அங்கே டவர் எடுக்காது. சாயங்காலம் வரை அந்த மூன்று வரிகளையே வெறித்துப் பார்த்தேன். அரைப்புள்ளி இருக்கிறது, அடைப்புக்குறி இருக்கிறது. எல்லாம் சரி.

ஏழு மணிவாக்கில் கண்ணில் பட்டது மேற்கோள் குறி. வேர்ட் நேரான மேற்கோள் குறியைத் தானாக வளைந்த குறியாக மாற்றிவிடும். அச்சுக்கு அதுதான் முறை. நேர்க்குறி போட்டால் நாங்கள் ப்ரூஃபில் வட்டம் போட்டுத் திருத்துவோம். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பிக்கோ வளைந்த குறி மேற்கோளே இல்லை. அது "மேலும்", "படிக்க" இரண்டையும் தொடர்பில்லாத இரண்டு சொல்லாகப் பார்த்து நின்றுவிட்டது. பத்து வருடம் சரி என்று பழகிய கண் என்பதால்தான் எனக்கு அது தெரியவில்லை. அந்தக் குறிகளை மாற்றியதும் தளம் எழுந்தது.

அன்றிலிருந்து நிரல் வரி எதையும் வேர்டிலோ வாட்ஸப்பிலோ வைப்பதில்லை, நோட்பேடில்தான். என் மின்னஞ்சலையே நிர்வாகியாகப் போட்டுக்கொண்டேன். என் கணினியில் எக்ஸாம்ப் (கணினியையே சர்வராக்கும் மென்பொருள்) நிறுவி, தளத்தின் நகல் ஒன்றை அதில் ஓட வைத்தேன். எந்த மாற்றமும் முதலில் அங்கே, பிறகுதான் மாமாவின் தளத்தில். யாராவது கற்றுக்கொள்ள வந்தால் நான் முதலில் இதைத்தான் செய்து கொடுப்பேன். உடைத்துப் பார்க்க ஓர் இடம் இருந்தால்தான் கை துணியும்.

முகவரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், தமிழில் எழுதுபவர்களுக்கு இது கட்டாயம் வரும். "ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகள்" என்று ஒரு கட்டுரை போட்டேன். தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாகச் செய்த ஸ்லக், அதாவது இணைய முகவரியின் கடைசிப் பகுதி, 'இருபது' என்ற சொல்லின் நடுவிலேயே அறுந்துவிட்டது. காரணம், ஸ்லக்குக்கு இடம் 200 குறிகள். தமிழின் ஒவ்வொரு குறியும் உள்ளுக்குள் சதவீதக் குறியோடு சேர்ந்த ஒன்பது குறிகளாக மாறுகிறது. 'கா' என்றால் ககரம் ஒன்பது, கால் ஒன்பது. ஆக இருபத்திரண்டு குறிக்கு மேல் போகாது. நகலெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாலும் அந்தச் சதவீதக் குறிகள் நீளமாக வந்து நிற்கும், மாமா அதைப் பார்த்து வைரஸ் என்றே நினைத்தார். வெளியிடுவதற்கு முன்பே ஸ்லக்கை இரண்டு மூன்று சொல்லில், ஆங்கில எழுத்தில் வைத்துவிடுகிறேன். வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் சிக்கலாகலாம்.

இப்போது கற்றுக்கொள்பவர்களுக்குப் பாதை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து, பிளாக் தீம் (பக்கத்தின் எல்லாப் பகுதிகளையும் துண்டு துண்டாக அடுக்கிச் செய்த தீம்) என்றால் தலைப்பகுதி, அடிப்பகுதி, கட்டுரை அமைப்பு எல்லாவற்றையும் திரையிலேயே இழுத்து, நகர்த்தி மாற்றலாம். அந்த மாற்றங்கள் தரவுத்தளத்தில் சேர்வதால் அப்டேட்டில் போகாது. நிறம், எழுத்துரு, அளவுகளைத் தீம் ஜேசன் என்ற ஒரே கோப்பில் வைக்கலாம். போன வருடம் மாமாவின் தளத்தின் நகலை அப்படி ஒரு தீமுக்கு மாற்றிப் பார்த்தேன். வேலை வேகமாகத்தான் நடக்கிறது. ஆனால் வரி உயரம், எழுத்திடைவெளி, மெனுவின் நீளம் எல்லாம் அங்கேயும் ஆங்கிலக் கணக்கில்தான் இருந்தன. என் பழைய எண்களை எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தது.

அந்த நகலைப் போனில் திறந்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடாமல் காப்பி பற்றிய பக்கத்தை முழுதும் படித்தார். கோடை மழைக்குப் பூப்பது, நவம்பரிலிருந்து பழம் எடுப்பது, முற்றத்தில் காய வைப்பது என்று விரல் வைத்து ஒவ்வொரு வரியாக நகர்ந்தார். கடைசியில் விலைப்பட்டியலுக்கு வந்ததும் நின்றார். "இங்க பாரு கண்ணு, கால் கிலோவும் விலையும் ஒன்னுமேல ஒன்னு ஏறியிருக்கு."

ஆமாம். அட்டவணைக்குள் வரும் எழுத்துக்கு வேறு வரி உயரம் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மாமாவின் தளத்தில் ஏற்றப் போகிறேன்.